நிமிர்ந்தவன் தவழலாமா?

குழந்தை தவழ்கிறது, கைகொட்டி மகிழ்கிறோம். நோயுற்றவர் தவழ்கிறார், ஓடிச்சென்று தூக்குகிறோம். அடிமை தவழ்ந்தான் என்று வரலாற்றில் படிக்கிறோம், உள்ளம் கொதிக்கிறது. ஆனால், நல்ல உடற்கட்டு வாய்ந்த ஒருவர், கற்றவர், கல்லூரியிலே பிறருக்குக் கற்பிப்பவர், தலைக்கு மேலே எந்தச் சவுக்கும் சுழலாதபோது, தாமாகவே தரையில் விழுந்து, பட்டப்பகலில், பெருநகரத் தெருவிலே தவழ்ந்து போனால் நாம் என்ன செய்வது? மகிழ்வதா? இரங்குவதா? கொதிப்பதா?

கற்பனைக் கேள்வியன்று இது. 1991ஆம் ஆண்டுக் கோடையில், நியூயார்க் நகரத்து டாம்ப்கின்ஸ் சதுக்கப் பூங்காவின் ஓரத்திலே, கறுப்பு நிறக் கோட்டும் காற்சட்டையும் அணிந்த கறுப்பர் ஒருவர், மழைநீரும் குப்பையும் ஒதுங்கும் சாலையோரப் பள்ளத்தில் கவிழ்ந்து படுத்தார். ஒரு கையிலே சிறு பூந்தொட்டி. மற்றொரு கையையும் முழங்கால்களையும் ஊன்றி, அங்குலம் அங்குலமாக நகர்ந்தார். வெயில் முதுகைச் சுட்டது. தார்ச்சாலை முழங்கையைத் தேய்த்தது. வியர்வை கண்ணை மறைத்தது. தொட்டி மட்டும் கவிழவில்லை.

அவர் பெயர் வில்லியம் போப் எல். தந்தைவழிப் பெயரோடு தாய்வழிப் பெயரின் முதலெழுத்தையும் சேர்த்துச் சூடிக்கொண்டவர் – நம் தோழர்கள் இதனை விரும்பிக் கேட்பர். 1955இல் நெவார்க் நகரில் பிறந்தார். மெய்ன் மாநிலத்துக் கல்லூரி ஒன்றிலும் பின்னர் சிகாகோ பல்கலைக் கழகத்திலும் கற்பித்தார். 2023 டிசம்பரில் மறைந்தார். தெருவிலே தவழ்வதைத் தம் கலையாகக் கொண்ட மனிதர்! 1978இல், செல்வமும் சிற்றின்பமும் அருகருகே கடை விரித்திருந்த 42ஆம் தெருவிலே, கோட்டின் முதுகில் மஞ்சள் சதுரம் ஒன்றைத் தைத்துக்கொண்டு தவழத் தொடங்கினார். 2001இல் தொடங்கியதோ பெருந்தவழல். சித்திரக் கதைகளில் வானத்தில் பறக்கும் சூப்பர்மேனின் உடையைப் போட்டுக்கொண்டார். முதுகிலே பறக்கும் மேலாடை இல்லை, சக்கரப் பலகை ஒன்று கட்டப்பட்டிருந்தது. பறப்பவனின் உடையிலே தவழ்பவன்! பிராட்வே சாலையின் நீளம் முழுதும், ஏறத்தாழ 35 கிலோமீட்டர். முழங்காலும் முழங்கையும் தாங்குமட்டும் தவழ்வார். பெரும்பாலும் ஆறு குறுக்குத் தெருக்களைக் கடப்பதற்குள் வலி பொறுக்க முடியாமற் போகும். எழுந்து செல்வார். பின்னர் ஒருநாள், விட்ட இடத்திலே விழுவார். இப்படி ஒன்பது ஆண்டுகள்! மின்விளக்குகளின் ஒளி வெள்ளத்தால் ‘மாபெரும் வெள்ளை வழி’ என்று பெயர் பெற்ற சாலை அது. அந்தப் பெயரையே தம் தவழலுக்கும் சூட்டினார். வெள்ளை என்னும் சொல் அந்நாட்டிலே விளக்கொளியை மட்டும் குறிப்பதன்று என்பதை விளக்க வேண்டுமா?

இதைக் கேட்டவுடனே நம் இளைஞர் சிலர் புன்முறுவல் பூப்பர். “ஐயா! இதைக் காண நியூயார்க் போவானேன்? நம் ஊர்க் கோயில் பிராகாரத்திலே ஈரத்துணியோடு உருள்கிறார்களே, அதுவும் இதுவும் ஒன்றுதானே?” என்பர். கேட்க வேண்டிய கேள்வி. கரூர் மாவட்டத்து நெரூரிலே, பிறர் உண்டு எழுந்த எச்சில் இலைகளின் மேல் மனிதர் உருளும் வழக்கம் இருந்தது. 2015இல் உயர்நீதிமன்றம் தடுத்தது. 2024இல் தனி நீதிபதி ஒருவர் அனுமதித்தார். 2025இல் இரு நீதிபதிகள் அந்த அனுமதியை நீக்கினர். ஒருவன் எச்சிலின் மேல் இன்னொருவன் உருளுவது உரிமையா, இழிவா என்று முடிவு செய்ய நாட்டின் நீதிமன்றங்களுக்குப் பத்தாண்டுக் காலம் தேவைப்பட்டது!

உருளுகிறவன் ஏன் உருளுகிறான்? பேரம் பேசுகிறான். “என் மேனி நோகிறது, என் மகன் நோய் தீரட்டும்” என்கிறான். மேலே ஒருவன் இருந்து கணக்கு எழுதுகிறான் என்று நம்புகிறான். எச்சில் இலையிலோ, உண்டவன் உயர்ந்தவன், உருண்டவன் தாழ்ந்தவன் என்னும் கணக்கும் சேர்கிறது. போப் எல்லின் தவழலிலே மேலே யாரும் இல்லை. பார்க்கிறவர் எல்லாரும் நடைபாதையிலே நிற்கிறவர்கள். வரம் கேட்கவில்லை, பாவம் தீரவில்லை.

இவ்வளவோடு நிறுத்திக்கொண்டால் வேலை எளிது. ஆண்டவன் இல்லை, ஆகவே இது நன்று என்று கையெழுத்திட்டுவிட்டுப் போகலாம். ஆனால் பகுத்தறிவு அவ்வளவு மலிவான சரக்கன்று. ஆண்டவனை நீக்கிவிட்ட பிறகும் தவம் தவமாகவே இருக்கக் கூடும். வானத்தை நோக்கிய வேண்டுதல் கூட்டத்தை நோக்கிய வேண்டுதலாக மாறும், அவ்வளவே. “பார், என் குருதி! பார், என் கொப்புளம்! இவ்வளவு வருந்துகிறேனே, நான் சொல்வது பொய்யாகுமா?” இந்தக் குரலை நாத்திகனும் எழுப்பலாம், கலைஞனும் எழுப்பலாம், அரசியல்வாதி எழுப்புவதையோ நாடே அறியும்.

நாம் சொல்கிறோம்: வலி வாதமாகாது. ஒருவன் நூறு கல் தொலைவு தவழ்ந்துவந்து இரண்டும் இரண்டும் ஐந்து என்றாலும் நான்கு நான்காகவே இருக்கும். வருந்துகிறவனிடம் இரக்கம் கொள்ளலாம். இரக்கத்தின் பெயரால் அவன் கருத்தை விழுங்க வேண்டியதில்லை. இந்தப் பாடத்தை நாம் வெளிநாட்டுக் கலைக்கூடத்திலே கற்கவில்லை. 1932 செப்டம்பர் 20ஆம் நாள், எரவாடா சிறையிலே காந்தியார் பட்டினி தொடங்கினார் – தாழ்த்தப்பட்ட மக்களுக்கு வழங்கப்பட்ட தனித்தொகுதி முறையை எதிர்த்து. அவர் தம் உடலைத்தான் வருத்திக்கொண்டார், மெய்; பிறர் மேல் ஒரு கல்லையும் எறியவில்லை. ஆனால் அந்த மெலிந்த உடலின் முழுப் பாரமும் யார் தோளிலே இறங்கிற்று? அம்பேத்கரின் தோளிலே. அவர் உயிருக்கு ஏதேனும் நேர்ந்தால், சேரியிலே வாழும் மக்களுக்கு என்ன நேரும்? வாதத்திலே தோற்காத அம்பேத்கர், ஐந்தாம் நாள், 24ஆம் தேதி, பூனாவிலே கையெழுத்திட்டார். தன்னை வருத்திக்கொள்வது பிறனை வருத்தாது என்பவர்கள் அந்த நான்கு நாட்களை எண்ணிப் பார்க்கட்டும்.

ஆகவே, உடலை வருத்தித் தெருவுக்கு வருகிற எந்தக் கலைஞனையும் நாம் கேட்க வேண்டிய முதற் கேள்வி: உன் வலி எதிரில் நிற்பவன் வாயை அடைக்கிறதா? அல்லது திறக்கிறதா?

டாம்ப்கின்ஸ் சதுக்கத்திலே திறந்தது. திறந்த வாய் என்ன சொல்லிற்று என்பதுதான் நம்மை இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

அந்தப் பகுதியிலே வாழும் கறுப்பர் ஒருவர் அவ்வழியே வந்தார். தம் இனத்தவர் ஒருவர் பள்ளத்திலே கிடப்பதைக் கண்டார். பக்கத்திலே வெள்ளையர் ஒருவர், படக்கருவியோடு! முதலில் கிடந்தவரை விசாரித்தார் – நலந்தானா என்று. கிடந்தவரோ, தாம் வேலை செய்துகொண்டிருப்பதாக விளக்க முயன்றார். வந்தவருக்கு அது விளங்கவில்லை. விளங்கியபோது இன்னும் சினம் மூண்டது. படமெடுப்பவர் மேல் பாய்ந்தார். எங்கள் மனிதனை இப்படிக் கேவலப்படுத்திப் படம் எடுக்கிறாயா என்று கொதித்தார். காவலரும் வந்து சேர்ந்தனர். அந்தக் கொதிப்பின் நடுவே, அவர் சொன்ன செய்தி ஒன்று: இதே போன்ற உடையைத்தான் நான் வேலைக்கு அணிந்து செல்கிறேன்!

அந்த மனிதரை நமக்குத் தெரியும், தோழர்களே! நெருங்கிய உறவினரைப் போலத் தெரியும். வேறு மொழி, வேறு நாடு. ஆனால் அவர் நம் இயக்கத்துப் பேச்சைத்தான் பேசினார். நிமிர்ந்து நிற்பதற்காக எத்தனை தலைமுறை உழைத்திருக்கிறது! மெம்பிஸ் நகரத்திலே 1968இல், குப்பை அரைக்கும் வண்டியிலே சிக்கி இரு துப்புரவுத் தொழிலாளர் மாண்ட பிறகு, அவர்களுடைய தோழர்கள் வேலையை நிறுத்தினர். அவர்கள் ஏந்திய பலகையிலே கூலிக் கணக்கு இல்லை. ‘நான் மனிதன்’ என்று மட்டும் எழுதியிருந்தது. அவர்களுக்குத் துணை நிற்க அந்நகருக்குச் சென்றபோதுதான் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்படி வாங்கிய நிமிர்வு அது. கோட்டு என்பது வெறும் துணியன்று. காலையிலே அதை அணிந்து கண்ணாடி முன் நிற்கும் கறுப்பருக்கு, அது பாட்டன் காணாத காட்சி.

நம் நாட்டில் மட்டும் என்ன வாழ்ந்தது? தோளிலே கிடந்த துண்டு, மேல்சாதியான் எதிரே வந்தால் இடுப்புக்கு இறங்கிய காலம் நேற்றுத்தான் போயிற்று. முற்றும் போயிற்று என்றும் சொல்வதற்கில்லை. வைக்கத்திலே 1924இல் கேட்டது என்ன? கருவறையையா கேட்டனர்? கோயிலைச் சுற்றியிருந்த தெருவிலே நடக்க விடுங்கள் என்றுதான் கேட்டனர்! நாய் நடந்தது, மாடு நடந்தது, மனிதன் நடக்கக் கூடாது என்றனர். பெரியார் இருமுறை சிறை புகுந்தார். பொதுத் தெருவிலே இரண்டு காலால் நடப்பதற்கு விலை கொடுத்து வாங்கிய மக்கள் நாம். அந்தத் தெருவிலே ஒருவன் வேண்டுமென்றே விழுந்து தவழ்ந்தால், நம் முதல் எண்ணம் அந்த வழிப்போக்கரின் எண்ணமாகத்தான் இருக்கும், இருக்கவும் வேண்டும்.

இருந்தும், தவழ்ந்தவரை நாம் கண்டிக்க முன்வரவில்லை. ஏன்?

1919ஆம் ஆண்டு ஏப்ரல். ஜாலியன்வாலா பாக்கின் குருதி காயவில்லை. ஆங்கில மாது ஒருவர் முன்னர்த் தாக்கப்பட்ட சந்திலே, இந்தியர் எவரும் தவழ்ந்துதான் செல்ல வேண்டும் என்று ஜெனரல் டையர் ஆணையிட்டான். துப்பாக்கி முனையிலே வயிறு தேயத் தேய ஊர்ந்தனர், அந்தச் சந்திலேயே வீடு கொண்டிருந்தவர்கள். இப்போது அமெரிக்கத் தலைநகர். 1990 மார்ச் 12ஆம் நாள். நாடாளுமன்ற மாளிகையின் படிக்கட்டுகளுக்குக் கீழே மாற்றுத்திறனாளிகள் ஏறத்தாழ அறுபது பேர் சக்கர நாற்காலிகளையும் ஊன்றுகோல்களையும் விட்டு இறங்கினர்; கையால் உந்தி, முதுகால் நகர்ந்து, படி படியாக மேலே தவழ்ந்தனர். எட்டு வயதுச் சிறுமி ஒருத்தியும் அவர்களிலே ஒருத்தி. உரிமைச் சட்டத்தை முடக்கி வைத்திருந்தவர்களுக்கு, படிக்கட்டு என்பது சிலருக்கு மதில்சுவர் என்று காட்டினர். அவ்வாண்டு ஜூலை 26இல் சட்டம் கையெழுத்தாயிற்று.

அமிர்தசரசிலும் தவழ்ந்தனர், வாஷிங்டனிலும் தவழ்ந்தனர். வயிறு தரையிலே தேய்வது இரண்டிலும் ஒன்றே. ஒன்றைப் படிக்கையிலே நாணுகிறோம், மற்றதைப் படிக்கையிலே நெஞ்சு நிமிர்கிறது. ஆகவே, தன்மானம் முதுகெலும்பு நிற்கிற கோணத்திலே இல்லை. ஆணையிட்டவன் யார், கேள்வி கேட்பவன் யார் – அங்கே இருக்கிறது. சுயமரியாதை இயக்கம் “நிமிர்ந்து நில்” என்று சொன்னது, முதுகெலும்புப் பயிற்சிக்காக அன்று. எவனுக்கும் வளையாதே என்பதற்காக. எவனும் வளைக்காதபோது, ஒருவன் தன் கருத்துக்காகத் தானே தரைக்கு இறங்கினால், அவன் யாருக்கு அடிமை?

ஆனால் வாஷிங்டன் தவழலுக்கும் பூங்கா ஓரத்துத் தவழலுக்கும் வேறுபாடு ஒன்று உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. அவர்களிடம் கோரிக்கை இருந்தது, மசோதா இருந்தது. போப் எல்லிடம் என்ன இருந்தது? ஒரு பூந்தொட்டி!

அவர் யாருக்காகத் தவழ்ந்தார் என்பதைப் பார்க்க வேண்டும். அந்தப் பூங்காவிலே வீடற்றவர்கள் கூடாரமடித்து வாழ்ந்தனர். 1988இல் அங்கே காவலர் தடியடி நடத்திக் குருதி சிந்தியது. 1991 ஜூனிலே நகராட்சி அவர்களை வெளியேற்றிப் பூங்காவையே பூட்டியது. அந்தக் கோடையிலேதான் அவர் அதன் ஓரமாகத் தவழ்ந்தார். அவர் குடும்பத்தினர் சிலரே வீடின்றித் தெருவிலே வாழ்ந்தவர்கள். நடைபாதையிலே கிடப்பவர்களை அந்நகர மக்கள் எப்படிக் கடந்தனர்? நாம் எப்படிக் கடக்கிறோமோ அப்படித்தான். பார்வை படும், பதியாது. மழைக்காலப் பள்ளத்தைத் தாண்டுவது போல் கால் தானாகவே தாண்டும். எழும்பூர் நிலையத்தருகே படுத்திருப்பவரின் முகத்தை நம்மில் எத்தனை பேர் நினைவிலிருந்து சொல்ல முடியும்? கிடக்கும் உடல் கண்ணுக்குப் பழகிவிடுகிறது. கிடந்த உடல் நகரத் தொடங்கினால், அதுவும் நல்ல உடை உடுத்த உடல் நகர்ந்தால், பழக்கம் அறுபடுகிறது. “இவருக்கு என்ன?” என்ற கேள்வி எழுகிறது. ஆண்டுக் கணக்கிலே அங்கே கிடந்தவர்களைப் பற்றி எழாத கேள்வி! கலை செய்யக் கூடியது அவ்வளவுதான் என்போம். அதனால் ஒருவருக்கும் கூரை கிடைக்கவில்லை; கிடைத்தது என்று சொல்லுகிறவர் கலைக்கூடத்து விளம்பரம் எழுதுகிறவர்.

இன்னொரு குற்றச்சாட்டும் உண்டு. கலைஞர் தவழ்ந்து முடித்தால் எழுவார், வீட்டுக்குப் போவார். வீடற்றவர் எங்கே போவார்? இதே நியூயார்க்கிலே டெசிங் ஷே என்ற தைவான் நாட்டுக் கலைஞர், 1981 செப்டம்பர் முதல் ஓராண்டு முழுதும் எந்தக் கூரையின் கீழும் நுழைவதில்லை என்று தெருவிலேயே வாழ்ந்தார். கைது செய்யப்பட்டபோதுதான் சிறிது நேரம் உள்ளே இருக்க நேர்ந்தது. அவருக்கும் ஓராண்டு என்ற எல்லை இருந்தது. எல்லை தெரிந்த துன்பம் வேறு. எல்லை தெரியாத துன்பம் வேறு. கலைஞன் இரண்டும் ஒன்று என்று சொன்னால் அவன் பொய்யன். போப் எல் அப்படிச் சொல்லவில்லை. கோட்டு அணிந்தே தவழ்ந்தார். வீடற்றவர் வேடம் போட்டுக் கந்தல் உடுத்தவில்லை. எழுந்து போகக் கூடியவன்தான் இங்கே விழுந்து கிடக்கிறேன் என்று அந்த உடையே கூவிற்று. வழிப்போக்கரைச் சுட்டதும் அந்த உடைதான்.

சுட்டது நன்று என்று நாம் சொல்ல மாட்டோம். காலையிலே வேலைக்குப் போகும் ஒரு மனிதரை, அவர் கேளாமலே, அவருடைய பாட்டனின் நினைவுக்குள்ளே தள்ளிவிடுவது சிறு செயலன்று. அரங்கத்துக்குள்ளே வருகிறவர் சீட்டு வாங்கி வருகிறார். பிடிக்காவிட்டால் எழுந்து போகலாம். தெரு அப்படியன்று. அது காய்கறி விற்பவளின் இடம், பள்ளிப் பிள்ளையின் வழி, பெருக்குகிறவரின் வேலைத்தலம். அங்கே கலை செய்கிறவர் அழையா விருந்தாளி. ஆகவே அவருக்குக் கடன் ஒன்று உண்டு: கேட்கிறவருக்கு மறுமொழி சொல்லும் கடன். போப் எல் நகர்வதை நிறுத்திவிட்டு, கிடந்தபடியே அந்த மனிதரிடம் விளக்கிப் பார்த்தார். விளக்கம் எடுபடவில்லை, சினம் ஆறவில்லை. ஆறாத சினத்தோடு அந்தப் படச்சுருளை மறைக்காமல் காட்டினார். அதனால்தான் நமக்கும் தெரிகிறது. தம் வலியைக் காட்டி அந்த மனிதரை வாய்மூடச் செய்ய முயலவில்லை. இத்தனை வெயிலிலே இவ்வளவு பாடுபடுகிறேனே என்று முறையிடவில்லை. எரவாடாவிலே நடந்ததற்கும் இதற்கும் உள்ள தொலைவு அது.

2019 செப்டம்பர் 21 அன்று போப் எல் மீண்டும் ஒரு தவழல் நடத்தினார். இம்முறை தாம் தவழவில்லை. நூற்று நாற்பது பேர், முன்வந்து பெயர் கொடுத்தவர்கள், ஐவர் ஐவராக, ஒரு குழு விட்ட இடத்தில் மறு குழு தொடர, வாஷிங்டன் சதுக்கத்தின் வழியாக யூனியன் சதுக்கம் வரை ஏறத்தாழ இரண்டரைக் கிலோமீட்டர் தவழ்ந்தனர். பெரிய கலைக்கூடங்களின் ஆதரவு, அலுவலர் துணை, புகைப்படக்காரர் கூட்டம். ஒரு காலிலே மட்டும் செருப்பு, கையிலே பகல் வெளிச்சத்திலும் எரியும் விளக்கு, கண்களிலே கட்டு. நல்ல கால்களும் நல்ல கண்களும் கொண்டவர் அவற்றைச் சற்று நேரம் துறந்து பார்க்கட்டும் என்பது அவர் கருத்து. தவழ்ந்தவர்களுக்கு அது பயன்பட்டிருக்கும். முழங்கால் தேய்ந்தவர் நடைபாதையை மறக்க மாட்டார். ஆயினும் நம் உள்ளம் 1991இன் பக்கமே சாய்கிறது. அங்கே தவழ்ந்தவரின் கண் திறந்திருந்தது. வந்தவரின் முகம் அவருக்குத் தெரிந்தது. கண்ணைக் கட்டிக்கொண்டு, காவலரும் கைதட்டுவோரும் சூழத் தவழ்கிறவரிடம், வேலைக்குப் போகும் வழியிலே ஒரு மனிதர் எப்படிக் குனிந்து சண்டை பிடிப்பார்?